தரை இறங்குவதைச் செயற்கைக்கோள் ரேடார் எப்படி அளக்கிறது: துவாரகாவிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய ஐந்து நகரங்களில் தரை எவ்வளவு இறங்குகிறது என்பதைச் செயற்கைக்கோள் ரேடாரைக் கொண்டு கணக்கிட்ட ஓர் ஆய்வு, 2025ஆம் ஆண்டில் ‘நேச்சர் சஸ்டெயினபிலிட்டி’ இதழில் வெளியானது. அதைப் பற்றிய செய்தியும் வண்ண வரைபடமும் தென்மேற்கு டெல்லியிலுள்ள துவாரகாவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த நாள் முதல், ரேடார் படங்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் என்னிடம் பலரும் சந்தேகம் கேட்கிறார்கள். சொசைட்டிக் கூட்டத்திலும், ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க வாசலிலும், மலைமந்திர் முருகன் கோயில் படிக்கட்டிலும் கேட்கப்பட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வருபவை முன்னால் சொன்னதை நம்பி எழுதப்பட்டவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிற ஒன்று, என் வீட்டு வாசல் ஒரு சென்டிமீட்டர் இறங்கியதை எப்படிக் கண்டுபிடிக்கும்? நம்பவே முடியவில்லையே.

ரேடார் தரையை நோக்கி ஒரு நுண்ணலைத் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. போய்வர எடுத்த நேரத்தை மட்டும் வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டால் மீட்டர் அளவுக்குத்தான் துல்லியம் கிடைக்கும். சென்டிமீட்டர் நுட்பம் வருவது வேறோர் அளவிலிருந்து: திரும்பி வந்த அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் கருவி குறித்துக்கொள்கிறது. இதை அலைக்கட்டம் என்கிறோம். மணி முள் இல்லாமல் நிமிட முள் மட்டும் இருக்கும் கடிகாரத்தைப் போன்றது இது. மணி என்ன என்று அதனால் சொல்ல முடியாது; ஆனால் முன்பு பார்த்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் முள் எத்தனை நிமிடம் நகர்ந்திருக்கிறது என்பதை நுட்பமாகச் சொல்லிவிடும்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 693 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 12 நாட்களுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே பாதைக்குத் திரும்புகிறது. இரண்டு முறை எடுத்த படங்களின் அலைக்கட்டங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, பாதையின் சிறு விலகலாலும் தரையின் மேடுபள்ளத்தாலும் வரும் வேறுபாட்டை நீக்கினால், அந்த இடைவெளியில் தரை நகர்ந்த அளவு கிடைக்கிறது. அதன் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், அலை போகவும் வரவும் ஒரே தொலைவைக் கடப்பதால், தரை 2.8 சென்டிமீட்டர் விலகினாலே முள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். சுற்றில் பத்தில் ஒரு பங்கை அளக்க முடிந்தால் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வு தெரியும். இந்த முறைக்குக் குறுக்கீட்டு ரேடார் என்று பெயர். துறையில் ‘இன்சார்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

டெல்லியில் டிசம்பர், ஜனவரியில் எதிர் பில்டிங்கே தெரியாது. அந்த மூட்டத்தில் சாட்டிலைட் எதைப் பார்க்கும்?

புகைப்படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்குத்தான் அந்தத் தடை உண்டு. ரேடாருக்குச் சூரிய ஒளி தேவையில்லை, ஏனெனில் தானே அலையை அனுப்புகிறது. பனிமூட்டத்தின் துளிகளும் புகையின் துகள்களும் அந்த அலைநீளத்தோடு ஒப்பிட மிகச் சிறியவை என்பதால் அலை அவற்றைக் கடந்துவிடுகிறது. சென்டினல்-1 ஓர் இடத்தைக் கடப்பதே உள்ளூர் நேரம் காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் ஒட்டித்தான். மேகமும் பெரிய தடை இல்லை. காற்றிலுள்ள நீராவி மட்டும் வேறு வகையில் தொல்லை தரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதெல்லாம் வெளிநாட்டுச் செயற்கைக்கோள்தானா? நம்முடையது எதுவும் இல்லையா?

உண்டு. இஸ்ரோ 2012இல் ரிசாட்-1, 2022 பிப்ரவரியில் இஓஎஸ்-04 ஆகிய ரேடார் செயற்கைக்கோள்களை ஏவியது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி ஏவுகலம் கொண்டுசென்ற நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. நாசா தந்த எல் அலைவரிசை ரேடாரின் அலைநீளம் சுமார் 24 சென்டிமீட்டர். இஸ்ரோ தந்த எஸ் அலைவரிசை ரேடாருடையது சுமார் 9 சென்டிமீட்டர். இரண்டுக்கும் பொதுவாக 12 மீட்டர் விட்டமுள்ள ஒரே ஆன்டெனா விண்வெளியில் விரிகிறது. நீண்ட அலை இலைதழைகளை ஓரளவு ஊடுருவும் என்பதால், வயலும் மரமும் சூழ்ந்த இடங்களில் இனிமேல் கூடுதல் தெளிவு கிடைக்கும்.

ஆனாலும் நம் நகரங்களைப் பற்றி இன்று பேசப்படும் எண்களில் பெரும்பாலானவை சென்டினல்-1 தந்தவை. 2014 ஏப்ரலில் அதன் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டதிலிருந்து தொடர்ச்சியாகத் தரவு சேர்ந்திருப்பதும், அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதும்தான் காரணம்.

சில படங்களில் வானவில் மாதிரி வளையம் வளையமாக இருக்கிறது, சிலவற்றில் பச்சையும் சிவப்புமாக இருக்கிறது. சிவப்பு என்றால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளலாமா?

இவை இரண்டு வெவ்வேறு படங்கள். வானவில் வளையங்கள் முதல் கேள்வியில் சொன்ன முள்ளின் சுற்றுகள்: ஒரு வளையத்தின் ஓரத்திலிருந்து அடுத்த வளையத்தின் ஓரத்துக்கு 2.8 சென்டிமீட்டர் வேறுபாடு. 1992 ஜூனில் கலிபோர்னியாவின் லேண்டர்ஸ் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் நகர்வை இஆர்எஸ்-1 செயற்கைக்கோள் இப்படி வளையங்களாகக் காட்டிய படம் அடுத்த ஆண்டில் வெளியானபோதுதான், இந்த முறையால் இவ்வளவு செய்ய முடியும் என்று உலகம் அறிந்தது. வளையங்களை எண்ணி, இந்தப் புள்ளி மொத்தம் எத்தனை சுற்று நகர்ந்தது என்று கணிப்பதைச் சுற்று விரித்தல் என்போம். கணக்கில் மிகவும் வழுக்கும் படி அதுதான்.

பச்சை, சிவப்புப் படம் பல ஆண்டுப் படங்களைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி வேகம். அதில் எந்த வேகத்துக்குச் சிவப்பு என்பதை வரைபவர்தான் தேர்ந்தெடுக்கிறார். ஒருவர் 5 மில்லிமீட்டரையே சிவப்பாக்கலாம், இன்னொருவர் 5 சென்டிமீட்டருக்குமேல்தான் சிவப்பு என்று வைக்கலாம். ஆகவே ஓரத்திலுள்ள வண்ண அளவுகோலையும் அதன் அலகையும் பார்க்காமல் வண்ணத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் அந்த அளவுகோலைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்கிறார்கள். எதிலிருந்து இறங்குகிறது? கடல் மட்டத்திலிருந்தா?

கடல் மட்டத்திலிருந்து இல்லை. புதுதில்லி நிலையத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்ந்தால், நகர்வது நம் வண்டியா அந்த வண்டியா என்று ஒரு நொடி தெரியாது. பிளாட்பாரத் தூணைப் பார்த்த பிறகுதான் தெளிவாகும். ரேடார் கணக்கிலும் அப்படி ஒரு தூண் வேண்டும். அசையாது என்று நம்பத்தக்க ஓர் இடத்தைப் பூஜ்யம் என்று வைத்து, மற்ற எல்லாப் புள்ளிகளையும் அதனோடு ஒப்பிட்டே வேகம் சொல்லப்படுகிறது. டெல்லியில் அதற்கு ஏற்ற இடம் ரிட்ஜ் என்று நாம் அழைக்கும், ஆரவல்லித் தொடரின் குவார்ட்சைட் பாறை. தவறிப்போய் இறங்கிக்கொண்டிருக்கும் வண்டல் நிலத்தில் தூணை நட்டுவிட்டால், அசையாத பாறை மேலே எழுவதுபோல் வரைபடம் காட்டும்.

ஆகவே ஒரு வேக எண்ணைக் கேட்டவுடன் மூன்று துணைக் கேள்விகளைக் கேளுங்கள்: எதோடு ஒப்பிட்டு, எந்தத் திசையில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை? இந்த மூன்றும் இல்லாத எண் எவ்வளவு துல்லியமாகத் தோன்றினாலும் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

திசை என்ன திசை? இறங்குவது என்றால் கீழேதானே?

தரை கீழேதான் போகிறது. ஆனால் ரேடார் நேர் கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. அது அளப்பது தனக்கும் தரைப் புள்ளிக்கும் இடையிலான சாய்கோட்டில் ஏற்படும் மாற்றத்தை மட்டுமே. அந்தக் கோடு செங்குத்திலிருந்து 39 பாகை சாய்ந்திருந்தால், 10 மில்லிமீட்டர் நேர் இறக்கம் அதற்கு 7.8 மில்லிமீட்டராகத்தான் தெரியும். நிலத்தடி நீரால் இறங்கும் சமவெளியில் பக்கவாட்டு நகர்வு குறைவு என்று கொண்டு, இதை நேர் இறக்கமாக மாற்றிக்கொள்கிறார்கள்.

மலைச்சரிவில் அந்த எடுகோள் செல்லாது. அங்கே காலைப் பாதையில் மேற்கு நோக்கியும் மாலைப் பாதையில் கிழக்கு நோக்கியும் எடுத்த படங்களைச் சேர்த்தால், மேல்-கீழ் நகர்வையும் கிழக்கு-மேற்கு நகர்வையும் பிரித்துவிடலாம். வடக்கு-தெற்கு நகர்வு மட்டும் நழுவிவிடும். செயற்கைக்கோள் ஏறக்குறைய வடக்கு-தெற்காகவே பறப்பதால், அந்தத் திசையில் தரை நகர்ந்தாலும் சாய்கோட்டின் நீளம் அதிகம் மாறுவதில்லை.

சரி, டெல்லி ஏன் இறங்குகிறது? மெட்ரோ தோண்டுவதாலா? இத்தனை மாடி கட்டுவதாலா?

சுரங்கம் தோண்டும்போது அதை ஒட்டிய தரையில் சிறு இறக்கம் வரக்கூடும். புதிய கட்டடமும் முதல் சில ஆண்டுகளில் தன் எடையால் சற்று அமரும். ஆனால் அவை குறுகிய இடத்தில், குறுகிய காலத்தில் நிகழ்பவை. சில கிலோமீட்டர் அகலத்துக்குக் கிண்ணம்போல் தரை இறங்குவதை வரைபடத்தில் பார்த்தால், முதலில் எழவேண்டிய சந்தேகம் நிலத்தடி நீரைப் பற்றியதே.

டெல்லியின் பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் அடுக்கடுக்காக அமைந்த வண்டல். மேலிருக்கும் மண், சாலை, கட்டடம் ஆகியவற்றின் எடையைக் களித் துகள்கள் மட்டும் தாங்குவதில்லை. அவற்றின் இடையிலுள்ள நீரும் தன் அழுத்தத்தால் ஒரு பங்கைத் தாங்குகிறது. போர் போட்டு நீரை எடுக்க எடுக்க அந்த அழுத்தம் குறைந்து, நீர் தாங்கிய பங்கும் துகள்களின் மேல் ஏறுகிறது. அவை ஒன்றோடொன்று நெருங்கி, புதிய வரிசையில் படுத்துவிடுகின்றன. களியிலிருந்து நீர் மெதுவாகத்தான் கசியும் என்பதால், மோட்டாரை நிறுத்திய பிறகும் இறக்கம் சில காலம் தொடரக்கூடும்.

இதற்குத் துவாரகாவிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் கபஷேராவே சான்று. 2022இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 2014க்கும் 2016க்கும் இடையில் அங்கே ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் இறக்கத்தைக் கண்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது 17 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்தது. விமான நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் இருக்கும் இடம் இது. குழாய்த் தண்ணீர் போதாமல் போரையும் டாங்கரையும் நம்பி வாழும் மக்கள் அங்கே நெருக்கமாக இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். வேறு வழி தரப்படாதவர்கள் அவர்கள்.

துவாரகா மட்டும் மேலே எழுகிறதாமே? அப்போது நமக்குக் கவலை இல்லைதானே?

அதே 2022 ஆய்வில் துவாரகாவின் ஒரு பகுதி முதலில் இறங்கி, பிறகு இறக்கம் தளர்ந்து, கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 1.2 சென்டிமீட்டர் எழுவதாகத் தெரிந்தது. 2025 ஆய்விலும் இங்கே எழுச்சி பதிவாகியிருக்கிறது. அனுமதியில்லாத போர்களுக்குத் தடையும் அபராதமும் வந்ததும், சொசைட்டிகளில் மழைநீர் சேகரிப்புக் குழிகள் அமைந்ததும், குழாய்த் தண்ணீர் கிடைத்ததும், நீர்நிலைகள் மீட்கப்பட்டதும் நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தின. நீரழுத்தம் திரும்பிய இடத்தில் தரையும் சற்று நிமிர்ந்தது. இந்தத் துறையில் நான் பார்த்தவற்றுள் எனக்கு மிகுந்த நிறைவு தந்த வரைபடங்களுள் இது ஒன்று. நாம் இங்கே வந்த புதிதில் விடியற்காலை போர் மோட்டார் ஓடும் சத்தத்தில்தான் கண் விழிப்போம் என்பது பழைய குடித்தனக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் எழுச்சி என்பது இழந்ததெல்லாம் திரும்பியது என்று ஆகாது. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினால் கொஞ்சம் உப்பும்; படுத்துப் படுத்து அமுங்கிய மெத்தை எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் அடைத்த நாளின் உயரத்துக்கு வராது. மணல் அடுக்குகள் பெரும்பாலும் மீள்பவை. களி அடுக்குகள், இதுவரை அறியாத அளவு சுமையை ஒருமுறை தாங்கி நெருங்கிவிட்டால், அந்த நெருக்கத்தில் பெரும்பகுதி நிரந்தரம்; அவற்றுள் நீர் தங்கும் இடமும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. எழுச்சியும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இராது என்பதால், பக்கத்துப் பக்கத்து இடங்களின் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டியது அப்போதும் உண்டு.

ஓர் ஆய்வு 17 சென்டிமீட்டர் என்கிறது, 2025 ஆய்வு டெல்லியில் அதிகபட்சமே 5.1 சென்டிமீட்டர் என்கிறது. எது பொய்?

இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கவேண்டியதில்லை. முன்சொன்ன மூன்று துணைக் கேள்விகளை இங்கே போட்டுப் பாருங்கள். முதல் எண் இரண்டு, மூன்று ஆண்டுகளில், ஒரு சிறு இடத்தில் கண்ட வேகம். இரண்டாவது 2015 முதல் 2023 வரையிலான நீண்ட காலத்தின் சராசரி. ஐந்து நகரங்களை ஒரே முறையில் ஒப்பிடுவதற்காகச் செய்தது. வேகம் ஆண்டுக்காண்டு மாறும் இடத்தில் கால எல்லை மாறினால் எண்ணும் மாறும். அண்டைப் புள்ளிகளை எவ்வளவு பரப்புக்குச் சராசரியாக்குகிறோம் என்பதைப் பொறுத்தும் கிண்ணத்தின் அடிப்பகுதி ஆழமாகவோ மேலோட்டமாகவோ தெரியும்.

சுற்று விரித்தலின் எல்லையும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே, இரண்டு படங்களின் இடைவெளியில் அரைச் சுற்றுக்கு மேல், அதாவது 1.4 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால், முள் முன்னே போனதா பின்னே போனதா என்று கணினியால் தீர்மானிக்க முடியாது. அந்த இடத்தில் வேகம் குறைத்து மதிப்பிடப்படலாம், அல்லது அந்தப் புள்ளிகள் கணக்கிலிருந்தே விலக்கப்படலாம். உச்ச எண்ணைவிட, எந்த இடங்கள் இறங்குகின்றன என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே பயன்தரும். கபஷேராவையும் அதை அடுத்த பிஜ்வாசனையும் உள்ளடக்கிய தென்மேற்கு டெல்லியை இரண்டுமே சுட்டுகின்றன.

மழைக்காலத்தில் காற்றெல்லாம் ஈரம், வயலெல்லாம் பச்சை. கணக்கு கெடாதா?

கெடும். காற்றில் நீராவி கூடினால் அலை சற்றுத் தாமதமாகித் தூரம் நீண்டதுபோல் தோன்றும். ஒரே ஒரு சோடிப் படத்தில் இந்தப் பிழை பல சென்டிமீட்டர் வரை போகலாம். தரை அமைதியாக இருக்கும்போதே இறங்கியதுபோல் காட்டும். ஆகவே ஒரு சோடிப் படத்தை வைத்து மில்லிமீட்டர் பேசுபவரை நம்பாதீர்கள். காற்று நாளுக்கு நாள் மாறும், தரையோ மெதுவாகத் தொடர்ந்து நகரும். நூறு படங்களைக் காலவரிசையில் அடுக்கினால் காற்றின் பிழை பெருமளவு ஒன்றையொன்று தணித்துக்கொள்ள, தரையின் போக்கு எஞ்சும்.

பயிர் வேறு சிக்கல். இரண்டு படங்களுக்கு இடையே இலையும் தண்டும் இடம் மாறிவிட்டால், திரும்பி வரும் அலைகளுக்குள் உறவே அற்றுப்போகும். அங்கே நகர்வு தெரியாது. 2001இல் இத்தாலியின் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று வெளியிட்ட முறை இதற்கு ஒரு வழி காட்டியது: எல்லா இடத்தையும் அளக்க முயலாமல், ஆண்டுக்கணக்கில் ஒரே விதமாக அலையைத் திருப்பும் கட்டட மூலை, இரும்புக் கம்பம், பாறை போன்ற நிலையான புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பின்தொடர்வது. நகரங்களில் இந்த முறை சிறப்பாக வேலை செய்வதற்குக் காரணம் அவற்றில் கான்கிரீட்டும் இரும்பும் நிறைந்திருப்பதே.

எங்கள் டவர் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? டி பிளாக் ஓகே, சி பிளாக் மோசம் என்கிற மாதிரி?

ஓரளவுக்குத்தான். சென்டினல்-1இன் ஒரு படப்புள்ளி தரையில் ஏறக்குறைய 5 மீட்டருக்கு 20 மீட்டர். ஒரு டவருக்குச் சில புள்ளிகளே கிடைக்கும். அவை மாடியிலா, சுவரிலா, பக்கத்து டவரிலா என்பதிலேயே சில மீட்டர் குழப்பம் இருக்கும். சாய்ந்து பார்ப்பதால் உயர்ந்த கட்டடத்தின் உச்சி படத்தில் ரேடாரின் பக்கமாகச் சாய்ந்து அண்டைக் கட்டடத்தின் மேல் விழும். மீட்டர் அளவில் பார்க்கும் வணிகச் செயற்கைக்கோள்கள் உண்டு, ஆனால் அவற்றின் படங்களுக்கு விலை கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, வெயில். 30 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் கட்டடத்தின் வெப்பநிலை குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே 30 பாகை மாறினால், அதன் உயரம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் மாறும். இதைக் கணக்கில் கொள்ளாமல் சில மாதப் படங்களை மட்டும் பார்ப்பவர், மே மாதத்துக் கட்டடம் ஜனவரிக்குள் ‘இறங்கிவிட்டது’ என்று எழுதிவிடுவார்.

எங்கள் வீட்டில் விரிசல் இருக்கிறது, ஆனால் வரைபடம் பச்சை. பக்கத்தில் சிவப்பு, அங்கே ஒரு விரிசலும் இல்லை. எப்படி?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று கருதுகிறேன். கட்டடம் முழுவதும் ஒரே சீராக 20 சென்டிமீட்டர் இறங்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. வாசல் சாலையும் வடிகாலும் சேர்ந்து இறங்கியிருந்தால் கண்ணுக்குக்கூடத் தெரியாது. கட்டடத்தை உடைப்பது ஏற்றத்தாழ்வு. அடுத்தடுத்த இரண்டு தூண்களின் இறக்க வேறுபாடு அவற்றின் இடைவெளியில் 300இல் ஒரு பங்கை எட்டும்போது சுவர்களில் விரிசல் தோன்றும் என்பதும், 150இல் ஒரு பங்கை எட்டினால் சட்டகமே பாதிக்கப்படலாம் என்பதும் அடித்தளப் பொறியியலில் நெடுங்காலமாக வழங்கும் அளவுகள். 6 மீட்டர் இடைவெளியுள்ள தூண்களுக்கு முதல் எல்லை 2 சென்டிமீட்டர். ஒரு தூண் மற்றதைவிட ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் அதை எட்ட 20 ஆண்டுகள் ஆகும். 4 மில்லிமீட்டர் என்றால் ஐந்தே ஆண்டுகள்.

ஆகவே சிவப்பின் நடுவைவிட, சிவப்பும் பச்சையும் சந்திக்கும் ஓரங்களே கவனிக்கத்தக்கவை. 2025 ஆய்வும் கட்டடங்களின் அபாயத்தை மதிப்பிட இறக்கத்தின் ஏற்றத்தாழ்வையே எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் டெல்லி, மும்பை, சென்னை மூன்றிலும் இப்போது 2,406 கட்டடங்கள் உயர் அபாயத்தில் இருக்கின்றன. இதே போக்கு 50 ஆண்டுகள் தொடர்ந்தால் அந்த எண்ணிக்கை 23,529 ஆகும்.

பச்சையில் விரிசல் வருவதற்கு ரேடாருக்குத் தெரியாத காரணங்கள் பல உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு சொசைட்டியில் பேஸ்மென்ட் சரிவுப்பாதை பிளந்தபோது எல்லோரும் நிலத்தடி நீர் என்றுதான் பேசினார்கள். தோண்டிப் பார்த்தபோது தரையடித் தொட்டியிலிருந்து போகும் குழாயின் இணைப்பு ஒன்று நெடுநாளாகக் கசிந்து மண்ணை அரித்திருந்தது. இறக்கம் நான்கு மீட்டர் அகலம்கூட இல்லை. வரைபடம் அங்கே பச்சையாக இருந்தது முற்றிலும் சரியே.

ஜோஷிமட்டில் இது முன்னாலேயே தெரிந்திருக்காதா? நாளைக்கு இங்கே சாலை உள்வாங்கினால் எச்சரிக்கை வருமா?

2023 தொடக்கத்தில் தரை இறங்கி வீடுகள் விரிசல்விட்ட உத்தராகண்டின் ஜோஷிமட் சமவெளி இல்லை, பழைய மண்சரிவின் மேல் அமர்ந்த மலை நகரம். 2022 ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் அங்கே சுமார் 9 சென்டிமீட்டர் இறக்கம் இருந்ததாக இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் 2023 ஜனவரியில் தெரிவித்தது. 2022 டிசம்பர் 27க்கும் 2023 ஜனவரி 8க்கும் இடையில், 12 நாட்களில் மட்டும் 5.4 சென்டிமீட்டர் இறங்கியது. இந்த இரண்டாவது கணக்கு கார்டோசாட்-2எஸ் எடுத்த ஒளிப்படங்களிலிருந்து வந்தது. மெதுவான தொடக்கம் தரவில் இருந்தது என்பதே இதன் பொருள். தரவில் இருப்பது வேறு, அதை ஒருவர் மாதந்தோறும் பார்த்து உரியவரிடம் சொல்வது வேறு; நமக்குக் குறைவாக இருப்பது இரண்டாவதுதான்.

சாலை திடீரென்று உள்வாங்குவது பெரும்பாலும் உடைந்த குழாய் அடியில் மண்ணை அரித்து உண்டாக்கும் பொந்தால் நிகழ்வது. மேல்தரை கடைசிவரை அசையாமல் இருந்து ஒரு மணி நேரத்தில் விழலாம். 12 நாட்களுக்கு ஒருமுறை வரும் செயற்கைக்கோளிடம் அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்கக் கூடாது.

பூகம்பம் வருவதைச் சொல்லுமா?

சொல்லாது. வந்த பிறகு எங்கே எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும். பிளவுகளை ஒட்டி ஆண்டுக்காண்டு சேரும் இறுக்கத்தை அளக்க உதவும். நாளும் நேரமும் எந்தக் கருவியாலும் இன்று சொல்ல முடியாது.

அம்மா சென்னையில், தங்கை பெங்களூரில். அங்கெல்லாம் நிலைமை என்ன?

2025 ஆய்வின்படி அதிகபட்ச வேகம் சென்னையில் ஆண்டுக்கு 31.7 மில்லிமீட்டர், மும்பையில் 26.1, கொல்கத்தாவில் 16.4, பெங்களூரில் 6.7. பெங்களூரும் நிலத்தடி நீரை ஏராளமாக எடுக்கும் ஊர்தான். ஆனால் அதன் அடியில் இருப்பது கடினப் பாறை. நீர் பாறை வெடிப்புகளிலிருந்து வருவதால் நெருங்குவதற்குத் தடித்த களி இல்லை. அங்கே கிணறு வற்றும், தரை அதிகம் இறங்காது. இவை ஊரின் உச்ச வேகங்கள் என்பதை மறக்க வேண்டாம். அம்மாவின் தெரு எந்த வேகத்தில் இருக்கிறது என்பதற்கு இந்த எண் விடையாகாது.

இந்தத் தரவை நானே எடுத்துப் பார்க்கலாமா?

எடுக்கலாம். சென்டினல்-1 படங்கள் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தளத்திலும் அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கும். இஸ்ரோவின் தரவுகளுக்குப் பூநிதி தளம் இருக்கிறது. ஸ்நாப் என்ற இலவச மென்பொருளில் ஒரு சோடிப் படத்தை ஒரே மாலையில் வளையமாக மாற்றிவிடலாம், பொறியியல் மாணவர்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். ஆனால் நீராவியைப் பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள்: முதல் படத்தைப் பார்த்துவிட்டுச் சொசைட்டிக் குழுவில் போட்டுவிடாதீர்கள். நம்பத்தக்க காலவரிசைக்குப் பல பத்துப் படங்களும், மாதக்கணக்கில் பழக்கமும், சரிபார்க்கத் தரையில் ஓர் அளவும் வேண்டும்.

சரிபார்க்கத் தரையில் அளவு என்றால் என்ன? சொசைட்டியால் அதைச் செய்ய முடியுமா?

பெரிய அளவில் அது துல்லிய ஜிபிஎஸ் நிலையங்களாலும் நில அளவைத் துறையினரின் மட்ட அளவையாலும் நடக்கிறது. ஒரு சொசைட்டியால் செய்யக்கூடியவை எளிமையானவை. மூடிவைத்த பழைய போர் இருந்தால் அதை மண்ணிட்டு நிரப்பாமல், மாதம் ஒருமுறை நாடாவை இறக்கி நீர்மட்டத்தைக் குறித்து வைக்கலாம். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதிவைத்தால், அது உடைகிறதா என்பதே விரிசல் வளர்கிறதா என்று காட்டிவிடும். ஒவ்வொரு டவரின் நான்கு மூலைத் தூண்களிலும் ஆணிக் குறி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை சர்வேயரை அழைத்து எல்லா ஆண்டும் அதே மாதத்தில் மட்டம் எடுக்கச் செய்தால், செயற்கைக்கோளுக்குக் கிடைக்காத தூணுக்குத் தூண் வேறுபாடு கையில் கிடைக்கும். எங்கள் சொசைட்டியில் இந்தப் பிப்ரவரியில் முதல் மட்டம் எடுத்திருக்கிறோம். பதிவேடு செயலாளர் அறையில், நீர்மட்டக் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, யாரும் கேட்டுப் பார்க்கலாம்.